பழைய காரெட் ஏஸ் 250 மெட்டல் டிடெக்டருக்கு எந்தக் காயில்? செட்டிநாட்டுச் செம்மண்ணில் நாலையும் போட்டுப் பார்த்தேன்

கோட்டையூரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஓர் ஆச்சியின் வீடு இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்கட்டைத் தாண்டி, கிணற்றடியை ஒட்டிப் பத்தடிக்குப் பத்தடி இடத்தை என் மெட்டல் டிடெக்டரால் மூன்று தடவை தடவிப் பார்த்திருந்தேன். ஆணியைத் தவிர எதுவும் சிக்கவில்லை. நாலாவது தடவையும் அதே மெஷின்தான். அதன் அடியில் தட்டு மாதிரி இருக்கும் காயிலை மட்டும் மாற்றிக்கொண்டு போனேன். அரை மணி நேரத்துக்குள் துவைகல்லின் ஓரத்தில், மூன்றரை இன்ச் ஆழத்தில் ஒரு காசு வந்தது. மண்ணைத் தட்டிப் பார்த்தால் சதுரம். மூலைகள் மட்டும் மழுங்கலாக. மலாயா ஒரு சென்ட், ஆறாம் ஜார்ஜ் தலையோடு, 1940.

ஆச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எங்க மாமனார் கொண்டாந்த காசு தம்பி. இந்த மாதிரி ஒரு பை நிறையக் கிடந்துச்சு. வீட்டுப் புள்ளைக இதைச் சில்லா வச்சுப் பாண்டி ஆடுங்க" என்றார். மாமனார் மலாயாவின் ஈப்போவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வருவதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டாராம். அந்தக் காசு இப்போது ஆச்சி வீட்டுச் சாமி அறையில் இருக்கிறது.

மூன்று தடவை தவறவிட்ட காசை நாலாவது தடவை எடுத்துக் கொடுத்தது ஒரு சின்னக் காயில். பழைய டிடெக்டர் வைத்திருப்பவர்கள் புது மெஷின் வாங்குவதைப் பற்றியே என்னிடம் கேட்கிறார்கள். முதலில் காயிலைப் பற்றிக் கேளுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் மெஷின் காரெட் ஏஸ் 250. மைத்துனர் 2009-இல் மலேசியாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. காரெட் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நிறுவனம். 1964-இல் சார்லஸ் காரெட் என்பவர் தொடங்கியது. ஏஸ் 250 எளிமையான மெஷின். நாலு பென்சில் பேட்டரி, எட்டுப் படி சென்சிடிவிட்டி (எவ்வளவு கூர்மையாகக் கேட்க வேண்டும் என்ற அளவு), மூன்று விதச் சத்தம், பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க ஒரு பின்பாயின்ட் பட்டன். திரையின் மேலே இரும்பு தொடங்கி அமெரிக்க டாலர் வரை ஒரு வரிசை. கீழே எந்தக் கட்டத்தில் கறுப்புக் குறி வருகிறதோ, அந்த ரகப் பொருள் மண்ணுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். செம்பும் வெள்ளியும் வந்தால் மணி அடிப்பது போல ஒரு சத்தம் வரும். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்த மணிச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் கை பரபரக்கும்.

அதில் இல்லாத ஒன்று கிரவுண்ட் பேலன்ஸ். மண்ணில் இருக்கும் இரும்புச் சத்துக்குத் தகுந்தபடி மெஷினைச் சரிசெய்யும் வசதி அது. ஏஸ் 250-இல் அது கம்பெனியிலேயே ஒரு அளவில் வைத்து மூடப்பட்டுவிட்டது. ஐரோப்பாவின் வயலுக்கும் அமெரிக்காவின் பூங்காவுக்கும் அந்த அளவு போதும். நம் ஊர் மண்ணோ வேறு. செட்டிநாட்டில் எங்கே வெட்டினாலும் செம்மண், அதற்குக் கீழே சரளை, இன்னும் கீழே செம்புராங்கல். ஊருணிக் கரையிலும் பழைய சுவர் அடியிலும் பார்க்கிறோமே, துளைத்துளையாக, துருப்பிடித்த நிறத்தில், அந்தக் கல். அந்த நிறமே இரும்புதான். மெஷின் அந்த இரும்பையும் பார்த்துக்கொண்டே காசையும் தேட வேண்டும். கிரவுண்ட் பேலன்ஸை நாம் தொட முடியாது. சென்சிடிவிட்டியைக் குறைக்கலாம், காயிலை மாற்றலாம். நம் கையில் இருப்பது அந்த இரண்டுதான்.

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். அதனால் காயில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் கடைக்காரர் சொல்வதில் எதை நம்பலாம் என்று தெரியும். காயிலுக்குள் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று அனுப்புவது, இன்னொன்று வாங்குவது. அனுப்பும் சுருளில் ஏஸ் 250 நொடிக்கு 6500 சுற்று மின்னோட்டத்தை ஓட்டுகிறது, 6.5 கிலோஹெர்ட்ஸ் என்பது அதுதான். மண்ணுக்குள் இருக்கும் காசில் அது சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். பிளஸ் டூ புத்தகத்தில் படித்த அதே எடி கரன்ட். அந்தச் சுழல் மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தப் புலத்தை உண்டாக்க, வாங்கும் சுருள் அதைப் பிடிக்கிறது. செம்பில் இந்த மின்னோட்டம் எளிதாக ஓடும், ஈயத்தில் அவ்வளவு ஓடாது, இரும்பு காந்தமாகவும் வேலை செய்து வேறு மாதிரி பதில் சொல்லும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மெஷின் ரகம் பிரிக்கிறது.

இரண்டு சுருளையும் எப்படி அடுக்குகிறார்கள் என்பதில்தான் காயில் ரகம் மாறுகிறது. பெரிய வளையத்துக்குள் சின்ன வளையம் வைத்தால் கான்சென்ட்ரிக். அதன் பார்வை மண்ணுக்குள் ஒரு புனல் மாதிரி இறங்கும். மேலே அகலம், ஆழம் போகப் போகக் கூர்மை. ஆங்கில டி எழுத்துப் போன்ற இரண்டு சுருளை முதுகோடு முதுகு கொஞ்சம் மேலேறும்படி வைத்தால் டபுள் டி, சுருக்கமாக டிடி. அதன் பார்வை அரிவாள்மணை அலகு மாதிரி, முன்னும் பின்னும் நீளம், பக்கவாட்டில் ஒடுக்கம். ஒடுக்கமாகப் பார்ப்பதால் ஒரு நேரத்தில் அதற்குள் சிக்கும் மண் குறைவு. மண் குறைந்தால் மண்ணின் இரும்பும் குறையும். செம்மண் ஊர்க்காரர்களுக்கு டிடி ஏன் உதவுகிறது என்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

சரி, சோதனைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு விதமான மண் இருக்கிறது. ஒரு பக்கம் இயற்கையான சரளைச் செம்மண். இன்னொரு பக்கம் தென்னைக்காகக் கண்மாயிலிருந்து அடித்துக் கொட்டிய வண்டல். நாலு மழை பார்த்து நன்றாக இறுகிவிட்டது. இரண்டிலும் ஒரு பிவிசி குழாயைச் சாய்வாகப் புதைத்தேன். காசை ஒரு மூங்கில் பட்டையில் ஒட்டிக் குழாய்க்குள் தள்ளினால், மேலே இருக்கும் மண் கலையாமலே ஆழத்தைக் கூட்டிக் குறைக்கலாம். குழி தோண்டிக் காசைப் போட்டு மூடினால் மண் பொலபொலவென்று ஆகி, கிடைக்கும் கணக்கு பொய்யாகிவிடும்.

சோதனைக் காசுகள் இரண்டு. ஒன்று காலணா, கிட்டத்தட்ட பழைய எஃகு ஒரு ரூபாய் அளவு அகலம். இன்னொன்று புதுக்கோட்டை அம்மன் காசு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கியது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்று எழுத்து. சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேரும் வரை புழங்கிய காசு. ராயவரம், கடியாபட்டிப் பக்கமெல்லாம் புதுக்கோட்டைச் சீமை என்பதால், அங்கே ஒரு வீட்டுக் கொல்லையில் தேடினால் இது கிடைக்க வாய்ப்பு உண்டு. அதனால் இதைக் கண்டுபிடிக்க முடியாத காயிலை நான் நல்ல காயில் என்று சொல்ல மாட்டேன்.

மெஷினோடு வந்தது 6.5-க்கு 9 இன்ச் நீள்வட்டக் கான்சென்ட்ரிக். வண்டலில் காலணாவை 7 இன்ச் வரை தெளிவாகச் சொன்னது. செம்மண்ணில் நாலரை. ஐந்து இன்ச்சில் சத்தம் வருகிறது, ஆனால் குறி இரும்புக்கும் காசுக்கும் இடையே தாவுகிறது. அம்மன் காசு செம்மண்ணில் மூன்று இன்ச்சைத் தாண்டவில்லை. குறை சொல்ல எதுவும் இல்லாத, எல்லாவற்றுக்கும் நடுவான காயில். திரையில் ரகம் காட்டுவதில் நாலில் இதுதான் நம்பகமானது. பின்பாயின்ட் பட்டனை அழுத்தினால் காயிலின் நடுவில் காசு, அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குபவர் ஒரு வருடமாவது இதையே வைத்துக்கொண்டு மெஷினின் பேச்சைப் பழக வேண்டும். காயில் மாறினால் சத்தத்தின் நீளமும் தடிமனும் மாறிவிடும். ஒன்றை ஒழுங்காகக் கேட்டுப் பழகாமல் அடுத்ததற்குப் போனால் இரண்டும் புரியாது.

இரண்டாவது 8.5-க்கு 11 இன்ச் டிடி, அதுவும் காரெட்டுடையது. வண்டலில் 8 இன்ச். செம்மண்ணில் 6. செம்மண்ணில் ஒன்றரை இன்ச் கூடுதல் என்பது பெரிய விஷயம். திறந்த இடத்துக்கு இது அருமை. தென்னந்தோப்பு, மாட்டுத் தொழுவம் இருந்த இடம், அறுவடை முடிந்த நிலம், இந்த மாதிரி இடங்களில் ஒரு காலையில் நிறையத் தரையைப் பார்த்துவிடலாம். கான்சென்ட்ரிக்கை வீசும்போது ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மிதித்துக்கொண்டு போக வேண்டும். புனலின் கூர்முனை மட்டும்தான் ஆழத்தைப் பார்க்கிறது. டிடியில் அந்தச் சிரமம் குறைவு.

ஆனால் டிடியிடம் ஒரு பழக்கம் உண்டு, அதைத் தெரியாமல் வாங்கினால் மனம் உடைந்துபோகும். சோடா மூடியைக் காசு என்று சொல்லும். தட்டையான, வட்டமான, மெல்லிய இரும்பு என்றால் அதற்குக் குழப்பம். திருவிழாப் பொட்டல், பழைய டீக்கடை இருந்த இடம், கல்யாணப் பந்தல் போடும் தோட்டம் எல்லாவற்றிலும் சோடா மூடிதான். ஒரு நாள் பதினான்கு மூடி தோண்டினேன், எல்லாம் மணிச் சத்தத்தோடு வந்தவை. அப்புறம் ஒரு வழி பிடிபட்டது. சத்தம் வந்த இடத்தில் காயிலின் நடுவை விட்டு நுனியை மட்டும் மெதுவாக ஆட்டிப் பார்ப்பேன். மூடி என்றால் சத்தம் உடைந்து கரகரக்கும். செம்புக் காசு என்றால் நுனியிலும் வழவழப்பாகவே இருக்கும். எல்லா நேரமும் சரியாக வராது, பாதிக்கு மேல் உழைப்பு மிச்சம். இடம் குறிப்பதும் டிடியில் கொஞ்சம் பழக வேண்டும். நடுவில் நீளக் கோடாகப் பார்ப்பதால் ஒரு திசையில் மட்டும் வீசினால் கோடுதான் கிடைக்கும். தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று இன்னொரு தடவை வீசி, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் களைக்கொத்தைப் போட வேண்டும்.

மூன்றாவது, வெளிக் கம்பெனி ஒன்றின் 13 இன்ச் காயில். பெயர் வேண்டாம். விற்றவர் ஆழம் இருமடங்கு என்று சொல்லித் தந்தார். வண்டலில் காலணா 9 இன்ச் வரை வந்தது உண்மை. செம்மண்ணில் அதே 6 இன்ச்தான், அதுவும் ஓயாத சலசலப்போடு. அம்மன் காசு இரண்டு இன்ச்சுக்கே தடுமாறியது. பெரிய காயில் பெரிய மண்ணைப் பார்க்கிறது; அந்த மண் முழுவதும் இரும்பாக இருக்கும்போது சின்னக் காசின் குரல் அதில் அமுங்கிப்போகிறது. போதாக்குறைக்குக் கனம். ஏஸ் 250-இன் தண்டு மெலிது, முன்பாரம் கூடி ஒரு மணி நேரத்தில் முழங்கை கடுத்துவிட்டது. உலோகப் பானை மாதிரி பெரிய பொருளைத் தேடுபவருக்கு அது உதவலாம். காசு தேடுபவருக்குச் செட்டிநாட்டில் அது தேவை இல்லை. வாங்கிய பணத்துக்கு நான் வருத்தப்படும் ஒரே காயில் அது.

இப்போது நாலாவது. 4.5 இன்ச் வட்டம், காரெட்டின் சூப்பர் ஸ்னைப்பர். தேநீர்க் கோப்பையின் சாஸர் அளவுதான். பெட்டியைப் பிரித்ததும் என் மகள், "அப்பா, இதை வச்சுத் தோட்டத்தைத் தேடி முடிக்க ஒரு வருஷம் ஆகும்" என்றாள். உண்மைதான். ஒரு கொல்லையைப் பெரிய காயிலால் ஒரு காலையில் முடிக்கலாம், இதற்கு நாலு காலை வேண்டும். வண்டலில் காலணாவுக்கு 5 இன்ச், அதற்கு மேல் இல்லை. ஆனால் செம்மண்ணில் 4 இன்ச் வரை சுத்தமான, தாவாத மணிச் சத்தம். அம்மன் காசை மூன்றரை இன்ச்சில் பிடித்தது, மெஷினோடு வந்த காயிலை விட அரை இன்ச் கூடுதலாக. கான்சென்ட்ரிக்தான், ஆனால் பார்க்கும் மண்ணே கைப்பிடி அளவு என்பதால் செம்மண்ணின் தொல்லை இதற்குக் குறைவு.

இதை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணம் ஆழத்தைவிட ஆணி. செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் பின்புறத்தில் எவ்வளவு ஆணி கிடக்கிறது என்பது தோண்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பர்மாத் தேக்கில் உத்தரமும் நிலையும் கதவும் வைத்துக் கட்டிய வீடுகள். பங்கு பிரித்து இடிக்கும்போது மரத்தைக் கழற்றிக் கொல்லையில் அடுக்குகிறார்கள். விலை பேசி முடிவதற்குள் ஆணியைப் பிடுங்கி அங்கேயே போடுகிறார்கள். ஓட்டுச் சாய்ப்புகளின் ஆணி, வண்டிப் பட்டைத் துண்டு, கிணற்று ராட்டினத்துச் சங்கிலிக் கண்ணி எல்லாம் அதோடு சேர்ந்துவிடுகின்றன. ஒரு சதுர அடிக்கு ஐந்தாறு ஆணி சாதாரணம். இரும்பை ஒதுக்கும்படி மெஷினை வைத்துவிட்டு நடந்தால், ஆணி வந்த இடத்தில் மெஷின் வாயை மூடிக்கொள்கிறது. பக்கத்திலேயே ஒட்டிக் கிடக்கும் காசையும் சேர்த்து மூடிவிடுகிறது. பெரிய காயிலுக்குக் கீழே எப்போதும் ஏதோ ஓர் ஆணி இருக்கும் என்பதால் அது பாதி நேரம் ஊமையாகவே நடக்கிறது.

இதையும் ஒரு பலகையில் சோதித்தேன். நடுவில் காலணா, அதைச் சுற்றி இரண்டு இன்ச் தள்ளி நாலு பழைய ஆணிகள். 13 இன்ச் காயில் எந்தத் திசையில் வீசியும் காசைச் சொல்லவில்லை. மெஷினோடு வந்த காயில் ஒரே ஒரு திசையில் அரைகுறையாகச் சொன்னது. டிடி இரண்டு திசையில் சொன்னது. ஸ்னைப்பர் நாலு திசையிலும் சொன்னது. ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் நடந்ததும் இதுதான். அந்தச் சதுரக் காசைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் ஏழு ஆணி எடுத்தேன். மூன்று தடவை மேலே நடந்து போன காயிலுக்கு அந்த ஏழும்தான் கேட்டிருக்கின்றன.

இன்னொரு வசதி, இது நுழையும் இடங்கள். துவைகல்லுக்கும் சுவருக்கும் நடுவில், வேப்பமர வேருக்கு இடையில், திண்ணைப் படிக்கட்டின் ஓரத்தில், மாட்டுத் தொட்டிக்கு அடியில். மடியிலிருந்து காசு நழுவுவது குனிந்து நிமிரும் இடங்களில்தானே. கிணற்றடி, தொழுவம், படிக்கட்டு. அங்கெல்லாம் 11 இன்ச் காயிலைக் கிடத்தவே முடியாது.

மெஷினின் செட்டிங் பற்றியும் சொல்ல வேண்டும், காயில் மாற்றியும் காசு வரவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். ஏஸ் 250-இல் காயின்ஸ் என்று ஒரு மோடு இருக்கிறது. அது அமெரிக்கக் காசுக்கு வைத்த கணக்கு. நம் செம்புக் காசும் வெள்ளி ரூபாயும் அதில் வந்துவிடும். ஆனால் விளிம்பு நெளிநெளியாக இருக்கும் பழைய ஒரணா, சதுர இரண்டணா எல்லாம் செம்பும் நிக்கலும் கலந்தவை, அவை வரிசையில் மிகக் கீழே காட்டும். சதுர அலுமினிய ஐந்து பைசா நடுவில் எங்கோ காட்டும், அங்கே மெஷின் டின் மூடி என்று நினைத்து ஒதுக்கிவிடும். கடந்த முப்பது வருடத்து எஃகு ரூபாய்களோ இரும்பாகவே பேசும். நான் கஸ்டம் மோடில் அடியிலிருக்கும் இரும்புக் கட்டத்தை மட்டும் அணைத்துவிட்டு மற்றதெல்லாம் திறந்து வைக்கிறேன். பாக்குப் பொட்டல ஜிகினாத் தாள் நிறைய வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். சென்சிடிவிட்டியைச் செம்மண்ணில் ஐந்துக்கு மேல் ஏற்றுவதில்லை. எட்டில் வைத்தால் மண்ணே கத்துகிறது. மேலே மின்கம்பி போகும் தெருவோரம் என்றால் இன்னும் மோசம். குறைத்து வைத்து அமைதியாகக் கேட்பதில்தான் காசு கிடைத்திருக்கிறது.

பழைய மெஷினுக்குக் காயில் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது மெஷினின் பெயர், அளவு அப்புறம்தான். ஒரே கம்பெனியானாலும் எல்லாக் காயிலும் எல்லா மெஷினுக்கும் சேராது. காரெட்டிலேயே ஏடி வரிசைக் காயில் ஏஸுக்கு மாட்டாது, பிளக்கே வேறு. சில கம்பெனிகளில் பிளக் சேர்ந்துவிடும், ஆனால் காயில் வேறு ஃப்ரீக்வென்சிக்குச் சுற்றியது. மாட்டினால் மெஷின் உளறும், அல்லது செத்தது போல் கிடக்கும். வைட்ஸ் மாதிரி கம்பெனிகளின் மெஷின் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி 2020-இல் மூடப்பட்டு, அதன் உரிமைகளைக் காரெட் வாங்கிக்கொண்டது. அந்த மெஷின்களுக்குப் பெரும்பாலும் கைமாறிய காயில்தான்.

கைமாறிய காயில் என்றால் மெஷினோடு போய் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். கம்பி காயிலுக்குள் நுழையும் இடத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். அங்கேதான் உள்ளே முறியும், வெளித்தோல் நன்றாகவே இருக்கும். மெஷினைப் போட்டுவிட்டுக் காயிலின் ஓரத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். தட்டும் ஒவ்வொரு தடவையும் கத்தினால் உள்ளே சுருள் தளர்ந்திருக்கிறது, வேண்டாம். பிளக்கின் பின்கள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த 13 இன்ச் காயிலின் கம்பி எனக்கு எட்டாவது மாதம் முறிந்தது. பிரித்து ஒட்டலாம் என்று பார்த்தால் முழுவதும் பிசின் ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள், ஒன்றும் செய்ய முடியவில்லை.

மாட்டும்போதும் சில விஷயங்கள். காயிலைத் தண்டோடு இணைக்கும் போல்ட்டும் நட்டும் பிளாஸ்டிக். தொலைந்துவிட்டது என்று ஹார்டுவேர் கடையில் இரும்பு போல்ட் வாங்கிப் போட்டுவிட்டு மெஷின் கெட்டுப்போச்சு என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். கம்பியைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றுங்கள், ஆனால் காயில் பக்கம் கொஞ்சம் தளர்வு வேண்டும், இல்லையென்றால் அந்த முனை இழுபட்டு முறியும். தளர்ந்த கம்பி காயிலுக்கு மேலே ஆடினால் அதுவே பொய்ச் சத்தம் கொடுக்கும். அடியில் போடும் பிளாஸ்டிக் மூடிக்குள் செம்மண் தூள் சேரும், வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். நம் மண்ணில் இரும்பு இருப்பதால் மூடிக்குள் இருக்கும் அந்தத் தூளையும் காயில் பார்த்துக்கொண்டே இருக்கும்.

எங்கே தேடலாம் என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைப்பது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். கீழடி நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது; மண் அடுக்கு கலையாமல் ஒவ்வொன்றாக எடுத்ததால்தான் அந்த ஊரின் காலம் நமக்குத் தெரிந்தது. மேடுகள், பழைய கோட்டைச் சுவர்ப் பக்கம், கோயில் இடம், ஊருணி எதிலும் இந்த மெஷினை நான் இறக்குவதில்லை. சுடுகாட்டுப் பாதையில் நெல்பொரியோடு இறைத்த காசையும் தொடமாட்டேன். வீட்டுக்காரர் கூடவே நின்று பார்க்கச் சொல்லும் கொல்லைகளில், கலைந்துபோன மேல் மண்ணில் மட்டும் தேடுகிறேன். கிடைப்பது அவர்களுடையது. தோண்டிய குழியை மூடி மிதித்துவிட்டு, எடுத்த ஆணியை எல்லாம் ஒரு டப்பாவில் கொண்டுவந்துவிடுகிறேன். வெறுங்காலோடு நடக்கும் வீட்டில் அதற்காகவே என்னைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

இரண்டு காயில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், வீட்டுக் கொல்லைக்கு 4.5 இன்ச் ஸ்னைப்பரும் தோப்புக்கு 8.5-க்கு 11 டிடியும் என்று சொல்வேன். ஒன்றே ஒன்று வாங்கத்தான் பணம் என்றால் ஸ்னைப்பர்; மெஷினோடு வந்த காயில் எப்படியும் கையில் இருக்கிறது. காரெட்டிலேயே 5-க்கு 8 இன்ச் டிடி ஒன்று உண்டு. புதுக்கோட்டை நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கிப் பார்த்தேன். செம்மண்ணில் அமைதி, ஆணிக்கு நடுவிலும் பிரித்துப் பேசுகிறது, தரையையும் ஸ்னைப்பரை விட வேகமாக முடிக்கிறது. ஒரு நாளில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதைத்தான் மைத்துனரிடம் கேட்டிருக்கிறேன், மாசி மகத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். ஆச்சி வீட்டில் தொழுவம் இருந்த பக்கம் இன்னும் பார்க்கவில்லை. "அந்தப் பையில மிச்சம் எங்க போச்சுன்னு பாருப்பா" என்று போன வாரம் கூடக் கேட்டார். அதுவரை மெஷினில் ஸ்னைப்பர்தான் மாட்டியிருக்கிறது. தொழுவத்தின் வடக்கு மூலையில் கயிறு கட்டிப் பாத்தி பிரித்து வைத்திருக்கிறேன்.